ரத்தத்தில் இருந்த சேதி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும், உன் மனைவியின் வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் நான்கு பேரும் சுகம். கப்பலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் அவள் ஏன் சரியாகப் பேசவில்லை என்று அம்மாவைக் கேட்டாயாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பாதி உனக்குக் கேட்காது, மீதி எனக்குச் சொல்ல வராது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, பதறாமல் படி.

எனக்கு அக்கி வந்தது. முதலில் விலாவில் ஒரு வலி, பட்டறையில் சோபாவை ஒற்றை ஆளாகத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். உன் அம்மா விடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறாள், அதனால் மருமகள்தான் தைலம் தேய்த்துவிட்டாள். அப்புறம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி முதுகிலிருந்து மார்பு வரை பெல்ட் கட்டினாற்போல் ஆகிவிட்டது, சட்டை பட்டாலே உயிர் போனது. சூட்டுக் கொப்புளம் என்று நான் சொன்னதை அவளும் நம்பி, உடைந்த இடத்தையெல்லாம் வெறும் கையால் துடைத்து மருந்து போட்டாள். டாக்டரம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் முதலில் கேட்டது, "வீட்டுல மாசமா இருக்கிறவங்க யாராவது இருக்காங்களா?" என்றுதான். சின்ன வயதில் எனக்கு வந்த சின்னம்மையே நரம்புக்குள் இத்தனை வருஷம் ஒளிந்திருந்து இப்போது அக்கியாகக் கிளம்பியிருக்கிறதாம். அந்தக் கொப்புளத்து நீர் பட்டால், முன்னே அம்மை வராதவர்களுக்கு அம்மை வருமாம். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகலாமாம். பிறக்கப்போகிற பிள்ளைக்கு மெத்தை தைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிற நானே அதற்கு எமனாகிவிட்டேனோ என்று நினைத்தேனப்பா.

உன் அம்மா உடனே அவளை அழைத்துக்கொண்டு போனாள். சின்ன வயதில் அம்மை போட்டதா என்று டாக்டரம்மா கேட்டதற்கு இவள் தெரியாது என்றிருக்கிறாள். உன் அம்மா வாய்தவறி, "உங்கம்மாவைக் கேட்டா தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். யாரைக் கேட்பது? அவள் வளர்ந்த காப்பகத்தை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, அந்தக் கட்டடத்தில் இப்போது டயர் கடை நடக்கிறது. டாக்டரம்மாதான், "யாரையும் கேட்க வேணாம், ரத்தத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். எதிர்ப்புச் சக்தி இல்லைன்னா அதுக்கு ஊசி இருக்கு, சீக்கிரம் போட்டுடலாம்" என்று சொல்லி அப்போதே ரத்தம் எடுக்கச் செய்தாராம்.

கொப்புளம் காய்கிறவரை வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று நான் பட்டறையில் தங்கிவிட்டேன். உன் அம்மா சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம், "வாயே திறக்க மாட்டேங்கிறா, சும்மா சும்மா கையைக் கழுவிக்கிட்டே இருக்கா" என்பாள். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்காது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான், நடுக்கடலில் இருந்துகொண்டு நீ என்ன செய்வாய்? கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள்.

ரத்தச் சோதனை முடிவு வந்த அன்று மருமகள் தனியாகப் பட்டறைக்கு வந்தாள். கிட்டே வராதே என்று உள்ளேயிருந்து கத்தினேன். தெருவில் நின்றபடியே, "எதிர்ப்புச் சக்தி இருக்குதாம் மாமா, குழந்தைக்குப் பயமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்றாள். நான் அப்படியே ஸ்பாஞ்சுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவள் போகவில்லை. லாரி ஒன்று போகிறவரை பொறுத்திருந்து, "தடுப்பூசி போட்டிருந்தாலும் இப்படி இருக்கலாமாம். ஆனா காப்பகத்துல எங்களுக்கு யார் அதெல்லாம் போட்டாங்க? அம்மைதான் வந்திருக்கணும். அப்படின்னா அப்போ யாராவது என் பக்கத்துல இருந்திருப்பாங்க இல்ல மாமா?" என்று கேட்டாள். அவள் முகத்தையே பார்த்தேன். பிறகு, "அம்மை போட்ட பிள்ளை சும்மா இருக்குமாம்மா, பிறாண்டி எடுத்துடும். உன் முகத்துல ஒரு தழும்புகூட இல்லை. அத்தனை நாளும் யாரோ உன் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க" என்றேன். வாய்க்கு வந்த ஆறுதல் இல்லை, மனசாரத்தான் சொன்னேன். அவள் கன்னத்தையும் நெற்றியையும் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எனக்குக் கொப்புளம் எல்லாம் பொருக்கு கட்டிவிட்டது, டாக்டரம்மா சொன்ன பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன், வலி மட்டும் விட்டபாடில்லை. மருமகள் இப்போது பேசுகிறாள், சாப்பிடுகிறாள். காப்பகத்தில் துணி துவைத்த அக்கா ஒருத்தி, சமையற்காரம்மா, மாடியில் பாடம் சொன்னவர் என்று ஒவ்வொருவராக உன் அம்மாவிடம் சொல்லி, இவரா இருக்குமா, அவரா இருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன்னிடமும் கேட்பாள். இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று மட்டும் சொல்லிவிடாதே மகனே. எல்லாரையும் பற்றிச் சொல்லட்டும், கேட்டுக்கொள்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும், கைக்குழந்தையைத் தூக்குகிற நேரத்துக்கு நீ இங்கே இருக்க வேண்டும். கரை வந்ததும் முதல் போன் அவளுக்குப் போடு, எங்களுக்கு அப்புறம் பேசலாம்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா