புண்ணில்லாத முதுகு

அக்கா,

இன்று காலை தஞ்சாவூர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் யாரோ ஒருவர், கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் மணக்க என்னைக் கடந்துபோனார். கையில் கேஸ் கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் இறந்துபோய் ஒரு மாதம்தான் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

கூலி உயர்வு கேட்டு உங்கள் ஊரே அறுவடைக்கு இறங்க மறுத்த வருஷம் அது. வெளியூர் ஆட்களை வயலில் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி, சாலையோரம் நின்ற உங்கள் கணவரை இடித்துத் தள்ளியது. முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. மூன்று வருஷம் கழித்து நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கு வந்தபோது நான் புது வக்கீல். நீங்கள் அவரைப் பராமரித்ததற்கும் தனியாகத் தொகை கேட்டிருந்தேன். கேட்டேனே தவிர, அது நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை. "ரசீது ஏதாவது இருக்கா?" என்றுதான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

சாட்சிக் கூண்டில் உங்களை லாரிக்காரர் தரப்பு வக்கீல் மடக்கினார். "புருஷனைப் பாத்துக்கறது பொண்டாட்டி கடமைதானேம்மா? அதுக்கு எதுக்குப் பணம்?"

"கடமைதாங்க. இல்லேன்னு சொல்லலியே. நாத்து முடி புடிச்ச கையிங்க இது. மூணு வருஷமா வயல்ல எறங்கலீங்க."

"நீதான் பாத்துக்கிட்டேங்கறதுக்கு என்ன சாட்சி?"

நான் எழுவதற்குள் நீங்கள் நீதிபதியைப் பார்த்துச் சொன்னீர்கள்: "அவரு முதுகுதாங்கய்யா சாட்சி. வெளியில வண்டியில படுத்திருக்காரு. வந்து பாருங்க."

நீதிபதி இறங்கி வந்தார். வேப்பமரத்தடியில் மாட்டுவண்டி. நெடுநெடுவென்று வளர்ந்த அந்த மனிதரை, வேறு யார் கையும் படாமல், தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து ஒருக்களித்துப் புரட்டினீர்கள். துண்டை விலக்கினீர்கள்; கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய் மணந்தது. முதுகு வழவழவென்று இருந்தது. ஒரு தழும்புகூட இல்லை.

சாட்சி சொல்ல வந்திருந்த டாக்டர் குனிந்து பார்த்தார். "இப்படிப் படுத்தவங்களுக்கு மூணே மாசத்துல முதுகு புண்ணாயிடும். ஆஸ்பத்திரியிலயே எங்களால முழுசாத் தடுக்க முடியறதில்லை," என்றார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "எப்படிம்மா?" என்றார்.

"ரெண்டு மணிக்கொரு தரம் பொரட்டிப் போடுவேங்க. ராத்திரியும்தான். எங்கயாவது செவந்தாப்ல தெரிஞ்சா எண்ணெய் தடவிட்டு, அந்தப் பக்கம் சாயவே விடமாட்டேன்."

உங்கள் கணவர் முகத்தை வண்டியின் உட்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். ஆயிரம் இரவுகளில் ஒன்றில்கூட முழுசாகத் தூங்காத ஒருத்தியிடமா நான் ரசீது கேட்டேன்?

தீர்ப்பில் பராமரிப்புக்கென்றே ஒரு பத்தி இருந்தது. பகலுக்கும் இரவுக்குமாக இரண்டு செவிலியர் செய்திருக்க வேண்டிய வேலை என்று நீதிபதி எழுதியிருந்தார். தொகையைச் சொன்னேன். அது உங்கள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அதுல என் பேரு இருக்குங்களா, வக்கீலய்யா?"

படித்துக் காட்டினேன்.

"இன்னொருவாட்டி படிங்க."

இப்போதும் என்னிடம் வரும் பெண்கள், "நான் சும்மா வீட்டுலதாங்க இருக்கேன்" என்பார்கள். நான் பேனாவைத் திறந்துகொண்டு கேட்பேன்: "காலையில எழுந்ததும் மொதல்ல என்னம்மா செய்வீங்க?" அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். பக்கம் போதுவதே இல்லை, அக்கா.