சத்தம் பதியாத கேமரா

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

போன மாதம் வேலையில் லேசாகத் தலைசுற்றியது. பதறாதே, நாற்காலியில்தான் இருந்தேன். “பன்னெண்டு மணி நேரம் கேமரா திரையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா ரத்தக்கொதிப்பு ஏறாம என்ன செய்யும்?” என்று டாக்டர் திட்டினார். அன்றிலிருந்து, தினமும் வேலைக்கு முன்னால் நான் காவல் பார்க்கும் கட்டடத்தின் ஆறு மாடியும் படியில் ஏறி இறங்குகிறேன். முதல் வாரம் கால் என் பேச்சைக் கேட்கவே இல்லை. இப்போது மூச்சு வாங்குவதில்லை. படுத்ததும் தூக்கம் வருகிறது. எரிந்து விழுவதுகூடக் குறைந்துவிட்டது, நீதான் நம்பமாட்டாய்.

நேற்று என்னோடு வேலை பார்ப்பவர் திரையில் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணே, கையில போன்கூட இல்ல. தினமும் வாய் ஓயாம யாருகிட்ட பேசிக்கிட்டே ஏறுறீங்க?”

அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. “வீட்டம்மாகிட்டதான்” என்றேன். நல்லவேளை, அந்தக் கேமராவில் சத்தம் பதியாது.

பேன்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. நீ தைக்கும் கொக்கி நாலு அனுப்பு. உன் பழைய ஊசியும் இருந்தால் நல்லது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒரு மாதமாக ஆறு மாடியும் நான் ஒருவனேதான் பேசுகிறேன். பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுது.

பாப்பாவின் அப்பா