எட்டுப் பேர் மேசை

அக்கா,

இன்று இழுப்பறையில் பேனா தேடியபோது என் பழைய ஸ்டாப்வாட்ச் அகப்பட்டது. பொத்தான் இடுக்கில் இன்னும் கையுறைக்குப் போடும் சோளமாவு. முகர்ந்ததும் ஈப்போ தொழிற்சாலையும் உங்கள் குரலும் சேர்ந்தே வந்துவிட்டன.

கையுறைகளைப் பார்த்து அடுக்கும் மேசையில் நீங்கள் எட்டுப் பேர். நான் புதிதாக வந்த பொறியாளர். அந்த மேசையை அப்படியே கணினிக்குள் அமைத்து ஓடவிட்டு, எத்தனை ஆள் தேவை என்று சொல்வது என் வேலை. மூன்று நாள் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் நேரம் எடுத்தேன். திரையில் எட்டுக் குட்டி உருவங்கள் வேலை செய்தன. அதில் இரண்டு எப்போதும் சும்மாவே நின்றன. ஆறு பேர் போதும் என்றது சிமுலேஷன். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேலாளரிடம் அதைக் காட்டவிருந்த அன்று, கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தீர்கள்.

"ஆறு பேர் போதும்னு வருதாமே, தங்கச்சி?"

"ஆமாக்கா."

"அந்த மூணு நாளும் நாங்க வேணும்னே வேகமா செஞ்சோம். நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். நம்ம எஸ்டேட்டு புள்ள இஞ்சினியரா வந்திருக்கு, அதுக்குப் பேர் கெடக்கூடாதுலா."

எனக்கு வந்த கோபம்! "என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? ரெண்டு பேருக்கு வேலை போயிடும். அதுல நீங்களும் இருக்கலாம்!"

"அதான் ஓடி வந்தேன்" என்றீர்கள். தேத்தண்ணியைத் தொடவே இல்லை.

மேலாளரிடம் போய், என் கணக்கு தப்பு, இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்றேன். கிழி கிழியென்று கிழித்தார். திரும்ப அளந்தேன். இம்முறை நீங்கள் பேசினீர்கள், கழுத்தைத் தேய்த்துக்கொண்டீர்கள், தண்ணீர் குடிக்கப் போனீர்கள். அத்தனையையும் கணினியில் போட்டேன். எட்டுப் பேரும் வேண்டும் என்று வந்தது. போன மாத உற்பத்தியோடும் ஒத்துப்போனது. மேலாளரால் மறுக்க முடியவில்லை.

"பொம்மைங்களையும் தண்ணி குடிக்க விட்டுட்டியா!" என்று திரையைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு!

போன மழைக்காலத்தில் உங்கள் சாவுக்கு வந்தேன். மேசையின் மற்ற ஏழு பேரும் வந்திருந்தார்கள். எல்லோரும் அழுதோம்.

இப்போது தைப்பிங்கில் வேறொரு தொழிற்சாலைக்கு இதே வேலையைச் செய்கிறேன். யார் வேலையும் தப்பாகப் போய்விடாது என்ற தைரியத்தில்தான் செய்கிறேன், அக்கா. முதல் மூன்று நாள் எடுத்த நேரத்தை நான் சேர்ப்பதே இல்லை. ஏன் என்று நேற்று அங்குள்ள மேலாளர் கேட்டார்.

"அந்த மூன்று நாளும் அவர்கள் எனக்காக ஓடுவார்கள்" என்றேன்.