குழாயில் தோல் திணித்தது பற்றி ராஹிலுக்கு

1. இதை எழுதுபவன் நான், ஜெயினுலாப்தீன், வயது அறுபத்தெட்டு, குர்லா நீதிமன்றத்தில் முப்பத்தொன்பது ஆண்டுகளாக வழக்கறிஞர், நோட்டரி, தாராவியில் உள்ள இந்த மாடிக் கட்டடத்தின் உரிமையாளர், உன் வாப்பா.

2. கண்ணால் கண்டதைக் கண்டேன் என்றும், பிறர் சொன்னதைச் சொன்னார்கள் என்றும் மட்டுமே எழுதுகிறேன்.

அன்பு மகன் ராஹிலுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீயும் மருமகள் சஃபீனாவும் நலமாயிருக்க துஆ செய்கிறோம். இங்கு உன் உம்மாவின் முழங்கால் வலி சற்றுத் தேவலை, என் ரத்த அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. தமிழ் வாசிக்க நீ தடுமாறுவாய் என்பது தெரியும். அதற்காக இதைச் சஃபீனாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, அவள் தம்பி பைசானைப் பற்றி இதில் இருப்பதை அவள் உன் வாயால் கேட்பதே முறை.

கீழ்த்தளத்தில் நீ அவன் பொறுப்பில் விட்டிருக்கும், தோல் பைகள் தைக்கும் உன் பட்டறையில், தோல் ஒட்டும் சொல்யூஷனின் நெடியை வெளியேற்றக் குழாயின் நடுவில் ஒரு டக்ட் ஃபேனைப் பைசான் சென்ற மாதம் மாட்டினான். மாட்டினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. எட்டங்குல ஃபேனுக்கு ஆறங்குலக் குழாய், ஃபேனின் வாயை ஒட்டியே செங்குத்தாக ஒரு வளைவு, அத்தனையையும் இரும்புப் பட்டையால் நம் வீட்டுத் தளத்தோடு நேராக முடுக்கியிருந்தான். மேலே உன் உம்மா தொழுகைப் பாயில் நெற்றி வைத்தால் நெற்றி அதிர்ந்தது. உன்னிடம் முறையிட்டேன், நீ அவனுக்குப் போனில் கட்டளையிட்டாய், ஒரே பகலில் சத்தம் அடங்கியது. “மாமா, டென்ஷனே வேணாம், ஏக்தம் சைலன்ட்!” என்று மாடியேறி வந்து பீற்றிக்கொண்டான். நீ கட்டைவிரல் படம் அனுப்பிப் பாராட்டினாய். எப்படி அடக்கினான் என்று கேட்க உனக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

வெட்டி மிஞ்சிய ஆட்டுத்தோல் துண்டுகளை உருட்டி அவன் குழாய்க்குள் திணித்திருந்தான். பத்து வருடமாகத் தோலோடு புழங்குகிறவனுக்கு, மெத்தென்ற தோல் சத்தத்தைக் குடிக்கும் என்று தெரிந்திருக்கிறது, காற்றை அடைக்கும் என்று தெரியவில்லை. மூன்றாம் நாள், திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு, ஒட்டு வேலை செய்யும் கலைச்செல்வி மயங்கி, சொல்யூஷன் டப்பாவின் மேலேயே குப்புற விழுந்தாள். இது நான் கண்டது. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். “அந்த வாடை இன்னும் நெஞ்சுக்குள்ளயே நிக்கி அய்யா” என்கிறாள்.

வடாலாவிலிருந்து டக்ட் வேலை தெரிந்த மாரீஸ்வரனை வரவழைத்தேன். தோலை உருவிப் போட்டுவிட்டு, “வக்கீலய்யா, ஃபேன் மேல குத்தமில்ல, கழுத்தப் புடிச்சா யாருதான் கத்தாம இருப்பா?” என்றார். எட்டங்குலக் குழாயே போட்டார், வளைவைத் தூரத் தள்ளினார், ஃபேனை ரப்பர் வைத்த கொக்கிகளில் தொங்கவிட்டு இரு பக்கமும் கான்வாஸால் குழாயோடு இணைத்தார், வெளி முனையில் பஞ்சு பொதிந்த துளைக்குழாய் ஒன்றை, சைலன்சர் என்கிறார், பொருத்தினார். அரை நாள் வேலை. இப்போது நெடியும் போகிறது, சத்தமும் இல்லை. உன் மைத்துனன் ஒரு மாதம் மேதாவித்தனம் காட்டியது இந்த அரை நாள் வேலைக்குத்தான்.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். நேற்று முன்தினம் பைசான் ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளோடு வந்தான். காலையில் சாப்பிடாமல் வந்ததால் மயங்கினேன், பட்டறையில் குறையில்லை என்று கலைச்செல்வி சொல்வதாக அதில் எழுதியிருந்தது. “மாமா, நீங்க முத்திரை போடுங்க, அவ கைரேகைய அப்புறமா வாங்கிக்கிறேன்” என்றான். அவள் பத்தாவது வரை படித்தவள், அழகாகக் கையெழுத்துப் போடுவாள். ஆறு வருடம் வேலை வாங்குகிறவனுக்கு அதுவும் தெரியவில்லை. யார் எழுதியது என்று கேட்டேன். “மச்சான்தான் மஸ்கட்லருந்து அனுப்பிச்சாரு” என்றான். இது அவன் சொன்னது. ஆனால் என் மேசையில் பொறுக்கிய சட்டச் சொற்களைப் பொருந்தாத இடத்தில் போடும் உன் ஆங்கிலத்தை நான் அறிவேன். பொய்க்கு என் முத்திரை கேட்டு வந்த எத்தனையோ பேரை வாசலோடு அனுப்பியிருக்கிறேன். என் மகன் அனுப்பியதாகச் சொல்லி இதற்குமுன் எவனும் வந்ததில்லை.

தாள் என்னிடம் இருக்கிறது, திருப்பித் தரமாட்டேன். பட்டறையைப் பூட்டிவிட்டேன்; பட்டறை உன்னுடையது, சுவரும் கதவும் என்னுடையவை. கலைச்செல்வி கேட்பது ஒன்றுதான், சொல்யூஷன் டப்பா திறந்திருக்கும்வரை ஃபேனை நிறுத்தவோ குழாயை அடைக்கவோ மாட்டோம் என்று முதலாளி கையெழுத்திட்ட உறுதி. எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், முழுப் பெயரில் ஒப்பமிட்டு அனுப்பு. அது வந்தால் கதவு திறக்கும். ஒன்பது பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், யோசிக்க நாள் எடுக்காதே. அவள் எங்காவது புகார் கொடுத்து, நடந்தது என்ன என்று யாரேனும் கேட்டால், இக்கடிதமே என் வாக்குமூலம். ஒரு பிரதியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, சஃபீனாவுக்கு எங்கள் சலாம். அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும், முதலில் சொன்னதை முதலில்.

உன் வாப்பா,
(ஒப்பம்) ஜெயினுலாப்தீன்

படித்துக் காட்டக் கேட்டு, உண்மையென ஒப்பமிட்ட சாட்சிகள்:
1. மாரீஸ்வரன், டக்ட் வேலை, வடாலா
2. பேகம், உன்னைப் பெற்றவள்