பொன்சோவின் தக்காளி டின்

மபினி,
ஜூலை 9

அன்பு மகள் டிவினாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா கொன்ராடாவும் உன் தம்பி வீட்டாரும் நலம், அங்கே மிலானில் நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. நலமா என்று கேட்டே எழுதுகிறேன், உண்மையான பதில் வேண்டும். தினமும் போனில் பேசுகிறோமே, இந்தக் கிழவனுக்குக் கடிதம் ஒரு கேடா என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், பக்கத்தில் உன் அம்மா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் இதை எழுதி உனக்கு அனுப்பப்போகிற பெட்டியிலேயே கருவாட்டுப் பொட்டலங்களுக்கு மேலே வைக்கப் போகிறேன். கப்பல் வந்து சேர இரண்டு மாதம் ஆகும், காகிதம் மீன் நாற்றம் அடித்தால் பொறுத்துக்கொள்.

நீ ஏப்ரலில் அனுப்பிய பெட்டி ஜூன் கடைசியில் மழையோடு மழையாக வந்து இறங்கியது. பத்தொன்பது வருஷமாக நடக்கிற திருவிழாதான், உன் அம்மா நாடாவை அறுத்ததும் முதலில் தலையை உள்ளே விட்டு இத்தாலி வாசனையை மோந்து பார்த்தாள், அப்புறம் ஒவ்வொரு டின்னிலும் பொட்டலத்திலும் நீ எழுதியிருந்த பெயரைப் பார்த்துப் பங்கு பிரித்தாள், தெரு முழுக்க உன் பெருமையைப் பேசிக்கொண்டே கொடுத்துவிட்டு வந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, அன்றைக்கே போனில் உன்னிடம் "என்னடி, மிலான் சுருங்கிப்போச்சா? பெட்டி சின்னதா இருக்கு, காபி எங்க, சாக்லேட் எங்க, வெறும் மாக்கரோனியும் பருப்புமா அனுப்பியிருக்க" என்று கேட்டேன். "கப்பல்ல எலி தின்னுடுச்சு போலப்பா" என்று சொல்லி நீ சிரித்தாய், நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பொன்சோ வந்தான், அதுதான் தான் போய் வந்த இத்தாலித் துறைமுகத்தைப் பற்றி ஜெனோவா ஜெனோவா என்று எல்லாருடைய கழுத்தையும் அறுப்பானே அந்தக் கப்பல் சமையல்காரன். வந்தால் வாசலிலிருந்தே வம்புக்கு இழுப்பவன் அன்றைக்கு நேராக என்னிடம் வந்தான். சட்டைக்குள் நீ அனுப்பிய தக்காளி டின்னை மறைத்து வைத்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் பன்னிக்கொட்டில் பக்கம் வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். அவன் பெயரை எழுதும்போது உன் மார்க்கரில் மை தீர்ந்திருக்க வேண்டும் மகளே, எழுத்து வெளிறிப்போய் அடியிலே அச்சடித்திருந்தது தெரிந்தது. அவன் அதன்மேல் விரலை வைத்து, "இது கடையில வாங்கினது இல்லண்ணே. கஷ்டப்பட்டவங்களுக்கு மாதா கோயில்ல சும்மா குடுக்கிற சாமான், விக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றான். எனக்கு வந்ததே கோபம். "போடா, உனக்குத் தெரிஞ்ச இத்தாலி பாஷை சாராயக்கடையோட சரி" என்று கத்தினேன். அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ டின்னைச் சுற்றியிருந்த காகிதத்தை மெதுவாக உரித்து மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "யார் கண்ணுலயும் படாது. ஆனா டின்னை நான் திருப்பித் தர மாட்டேன், டிவினா என் பேரைப் போட்டு அனுப்பியிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் அடுக்களைக்கு வந்து எங்கள் பங்கை எடுத்துப் பார்த்தேன். எந்த வருஷமும் நீ பெயரை மூடியின் மேல்தான் எழுதுவாய், இந்தத் தடவை எல்லாம் பக்கவாட்டில், எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தடவை எழுதியதுபோலத் தடித்த எழுத்து. காயத்துக்குப் போடுகிற ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு என் பெயரைத் துடைத்தேன், அடியில் அதே அச்சு. உன் அம்மா பெயருக்கு அடியிலும் அதே அச்சு. கண்ணீரைத் துடைக்க அதே துணியை எடுத்துக் கண் எரிந்து போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாளின் குரல் மார்ச் மாதத் தவக்காலத்திலிருந்து போனில் கேட்கவே இல்லை, முன்பெல்லாம் நீ பேசும்போது நடுவில் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கேட்டால் தூங்குகிறார் என்பாய். அவர் இறந்துபோய்விட்டார், இல்லையா? அந்த வீட்டில்தானே உனக்குப் படுக்கையும் சாப்பாடும் இருந்தது, இப்போது எங்கே படுக்கிறாய் மகளே? இந்த வயதில் வரிசையில் நின்று வாங்கியதை நீ தின்னாமல் எங்களுக்கு அனுப்பினாயா, கப்பல் கூலி கொடுத்த காசில் நீ ஒரு மாதம் சாப்பிட்டிருக்கலாமே. பெட்டி வராவிட்டால் தெருவில் என்ன பேசுவார்களோ என்று பயந்தாய், அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தது நான். போன வருஷம் பெட்டி இரண்டு வாரம் தாமதமானதற்கு உன்னிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு.

உன் பிறந்த நாளுக்கு ஒரு பெட்டி அனுப்பலாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி ஏஜெண்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "பெரியவரே, இந்தத் தெருவுக்கு இத்தனை வருஷமா பெட்டி இறக்கியிருக்கேன், இங்கிருந்து ஒண்ணுகூட ஏத்தினதில்ல" என்று சிரித்தான். கறியும் பாலும் அந்த ஊரில் விடமாட்டார்களாம், உன் அம்மா செய்து அடைத்த பன்றிக்கறியை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டான், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மற்றபடி காற்றுப் புகாமல் கட்டிய கருவாடு, எண்ணெயில் போட்ட சூரை மீன் பாட்டில் பன்னிரண்டு, நம்மூர் காபித்தூள், மாம்பழ வற்றல், கடலை மிட்டாய் எல்லாம் இருக்கிறது. பாட்டில்களைப் பொன்சோ தன் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றித் தந்தான், குளிருக்கு அதையும் போட்டுக்கொள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்து மார்க்கரால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுகிறாள். ஒரு ஆளுக்குப் போகிற பெட்டிக்குப் பெயர் எதற்கு என்று கேட்டேன், அவள் அடுத்த பாட்டிலை எடுத்து எழுதினாள். எல்லாவற்றிலும் உன் பெயர்தான். மூடியில் இல்லை, பக்கவாட்டில், நீ எழுதிய அதே இடத்தில். எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது மகளே, தெரிந்தேதான் தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மாடியில் உன் அறையில் பழைய அட்டைப் பெட்டிகளைத்தான் அடுக்கி வைத்திருந்தோம், நேற்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் கட்டிலைப் போட்டுவிட்டேன். ஆண்டவரும் அன்னை மரியாளும் உன் தலையில் கை வைத்துக் காப்பாற்றட்டும், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, இதில் யாருக்கும் பங்கு வைக்காமல் நீ சாப்பிடு. சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைத் தூக்கிப் போடாமல் உன் துணிமணியை அதில் கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டு நீ விமானத்தில் வா. அது வந்து இறங்கும்போது வாசலில் நின்று நீயே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

உன் அப்பா,
அன்செல்மோ