பின்வாசலில் மூன்று தட்டு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

ஞாயிறு மாலை ஐந்தே கால் மணிக்குச் சின்னவள் வீட்டில் இருந்தவர்கள்: நான், நம் சின்னவள், அவள் மகள் குட்டி, பள்ளிச் சட்டைக்கு அளவெடுக்க வந்த கீழ்வீட்டுத் தையல்காரம்மா. மொத்தம் நான்கு பேர்.

பின்வாசல் கதவு மூன்று முறை தட்டப்பட்டது.

மூன்று தட்டு என்றால் நான். அந்த வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. "பெரியம்மா வந்தாச்சு!" என்று குட்டி ஓடினாள். பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேனே. அந்தப் பிள்ளையின் முகத்தை உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

வெளியே நின்றவன் குட்டியின் அப்பன், யாருக்குத் தெரியக் கூடாதென்று சின்னவள் வீடு மாறினாளோ அவன்.

"அக்கா, நீங்களும் உள்ளதான் இருக்கீங்க, செருப்பு கிடக்கு. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. படிச்சுட்டுத்தான் வந்தேன். கதவத் தெறங்க."

சின்னவள் குட்டியை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தையல்காரம்மாதான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். "நான் துணி வெட்டுறவதான்யா. துணிய மட்டும்தான் வெட்டுவேன்னு யாருக்கும் எழுதிக் குடுக்கல. போறியா, கதவத் தெறக்கவா?" கத்தரியால் கதவை ஒரு தட்டு தட்டினாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் போனான்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதைக் காவல் நிலையத்தில் ஒரு பெண் தன் போனில் காட்டினாள். பெயரைப் போட்டால் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் இணையதளமாம். சின்னவளின் வயது, பழைய வீடு, புது வீடு, உறவினர்கள் என்று என் பெயர், உன் பெயர். கீழே என் பிரார்த்தனை நோட்டின் பதினெட்டாம் பக்கம், என் கையெழுத்திலேயே: "பச்சைக் கதவு, பின்வாசல், மூன்று முறை தட்டவும்."

யாருக்காக வேண்டினாலும் முகவரியோடு வேண்டுவது என் வழக்கம். சிறு வயதிலிருந்து நீ கேலி செய்வாய், "கடவுள் என்ன தபால்காரரா அக்கா?" என்று. அந்த நோட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னவன் நீ. என் அறுபதாம் பிறந்தநாளுக்குக் குடும்ப மரம் செய்கிறேன் என்றாய். நாற்பத்திரண்டு பக்கம். அனுப்பிய கை என்னுடையது, அதை மறுக்கவில்லை. ஆனால் நான் உனக்குத்தான் அனுப்பினேன்.

இனி போனில் எதுவும் பேசமாட்டேன். உறையின் பின்னால் அனுப்புநர் முகவரியும் எழுதவில்லை.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சத்தியமாக எனக்குத் தெரியாது. உறவுக்காரர்கள் மட்டும் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். மரம் செய்யும் தளத்துக்காரர்கள் அதை இன்னொருவருக்கு விற்பார்கள் என்று யார் கண்டது? எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று பொத்தானை அழுத்தினேன், எல்லாரும் அழுத்துவதுபோல.

சின்னவள் பக்கத்தை மரத்திலிருந்து எடுத்துவிட்டேன். மற்றதை விட்டுவைத்திருக்கிறேன். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளெல்லாம் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். ஆள் தேடும் தளத்துக்கும் மனு போட்டேன். நீக்க வேண்டுமென்றால் அவளுடைய அடையாள அட்டையும் இப்போதைய முகவரியும் வேண்டுமாம். வீடு மாறிவிட்டாளா? புது முகவரியைக் கேட்டு அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோபப்படாதே அக்கா. உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் முகவரி கேட்கும் வரியிலேயே நின்றுவிட்டேன். திருடிய பொருளைத் திருப்பித் தர, புது வீட்டுச் சாவியைக் கேட்கிறான் ஒருவன். நீ அதை வாங்கி அனுப்பு என்று எனக்கு எழுதுகிறாய்! படித்தவன் நீ. ஐந்தாம் வகுப்போடு நின்று, பழைய செய்தித்தாளில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். எனக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லையா?

கேட்டாலும் என்னிடம் இல்லை. அவள் போய்விட்டாள். குட்டியின் புதுச் சட்டைக்குப் பொத்தான்கூட வைத்து முடியவில்லை. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்காதக்கா, உங்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ நோட்டுல எழுதிருவ" என்றாள். அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். என்னிடமே சொல்ல முடியாதபடி ஆக்கிவிட்டாய். ஆக்கிவிட்டோம்.

பதினெட்டாம் பக்கத்தை அடுப்பில் போட்டேன். காலைப் பிரார்த்தனையில் அவள் முறை வரும்போது கடவுளிடம் இப்போது இப்படித்தான் சொல்கிறேன்: "அவள் எங்கே என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் போதும். யாரிடமும் சொல்லிவிடாதே."

மீதி நாற்பத்தொரு பக்கமும் இன்னும் அங்கே தொங்குகின்றன. அதில் தனியாக இருக்கும் அத்தை இருக்கிறாள், கடன்காரனுக்குப் பயந்து வீடு மாறிய மாமா இருக்கிறார், அவள் எங்கே என்று கேட்டு அவன் முதலில் வந்து தட்டப்போகும் என் வீடும் இருக்கிறது. பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்களாம்!

நோட்டில் உன் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. ஆனால் பத்து நாளாக உன் பெயர் வரும் இடத்தில் வாய் நின்றுவிடுகிறது.

மரம் முழுவதையும் அழி. ஒரு பக்கம்கூட இருக்கக் கூடாது. அழித்தாயா இல்லையா என்று ஒரே வரி எழுதினால் போதும். சீக்கிரம் பதில் போடு.

அக்கா