காலியாக வந்த பதில்

உன் லேப்டாப்பைத் திறந்தால் இன்னும் பாச்சை உருண்டை வாசனை வருகிறது. நீ கண்மூடிய பிறகு உன் மனைவி அதைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் வைத்திருந்தார். மாசி பிறந்து உப்பளத்தில் பாத்தி மிதிக்கத் தொடங்கியதும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "மழை மெசேஜ் எங்கேன்னு கேக்கறாங்கண்ணே. நீங்கதான் எப்பவும் அவரு பக்கத்துல உக்காந்திருப்பீங்க. என்னன்னு பாருங்க" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

எனக்குச் செய்தி எழுத மட்டும்தான் தெரியும். முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ஆனாலும் நீ எழுதிய புரோகிராமை, புரியாத கோர்ட் தீர்ப்பைப் படிப்பதுபோல, மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தேன். முக்கால்வாசி பிடிபடவில்லை. நடுநடுவே நீ உனக்காகத் தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் மட்டும் புரிந்தன. அதில் ஒன்று இது: "சாயந்தரத்துக்கு மூணு கேள்வி மிச்சம் இருக்கணும். விருந்தாளி வந்தாலும்."

அந்த விருந்தாளி நான்தான். புரோகிராம் தானாகவே எழுதி வைத்திருந்த அன்றைய பதிவையும் தேடி எடுத்துப் பார்த்துவிட்டேன். தனம் அக்காவின் உப்பு கரைந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. உனக்கு அது தெரிந்திருக்கிறது. அவரிடமும் சொல்லாமல், என்னிடமும் சொல்லாமல் போய்விட்டாய். இனி நான் அவரிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் ஒருமுறை நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே உன் கடை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பட்டா நகல் எடுக்க, கரன்ட் பில் கட்ட வருகிறவர்களுக்கு நடுவே நீயாகப் படித்து நீயாக எழுதிய புரோகிராம் அது. தினமும் மாலை ஆறு மணிக்கு, மரக்காணத்தில் நாளை மழை உண்டா என்று வானிலைத் தகவல் தரும் ஒரு சர்வரைக் கேட்கும். வந்த பதிலை நாற்பது பேருடைய பட்டன் போனுக்கு ஒற்றை வரியாக அனுப்பும். அந்த ஒற்றை வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். வாரிய உப்பை வரப்பில் குவித்து நீர் வடிய விட வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடினால் வடியாது. மூடாத அன்று மழை வந்தால் உப்பே இருக்காது.

"ஏபிஐ ஏபிஐங்கறியே, அது என்னப்பா?" என்று உன்னைக் கேட்டேன்.

"கலெக்டர் ஆபீஸ்ல ஒரு தகவல் வேணும்னா எல்லா நாளும் நீயேவா போற?"

"சில நாள் தெரிஞ்ச ஆள அனுப்புவேன்."

"அந்த ஆபீஸ் கவுண்டர்தான் ஏபிஐ. இன்ன பாரம் எழுதி, இன்ன சாவியக் காட்டி, இன்ன மாதிரி கேட்டாத்தான் பதில் வரும். அந்த ரோதனையெல்லாம் அத்துப்படியான ஆளு இருக்கான் பாரு, அவன்தான் லைப்ரரி. யாரோ புண்ணியவான் எழுதி சும்மா குடுத்திருக்கான். நான் ஒரே ஒரு வரி எழுதுறேன். அது போய் கேட்டுட்டு வந்துடுது."

அதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். உன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் அந்தச் சித்திரை மாத மதியம் வந்திருந்தேன். நீ மரக்காணத்துக்குக் கேட்டுக் காட்டினாய். எனக்கு ஆசை அடங்கவில்லை. கிளியனூருக்குக் கேள் என்றேன். கீழ்புத்துப்பட்டுக்கு என்றேன். அனுமந்தை, என் மச்சினன் ஊர், அவன் பெண் கொடுத்த ஊர் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வேடிக்கைக்காக ஊட்டிக்கும் கேட்கச் சொன்னேன்.

"ஏம்பா, போதும்பா. ஓசி சாவிப்பா இது" என்று சிரித்தாய்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன். ஓசி சாவி என்றால் என்னவென்று கேட்கவில்லை. நீயும் சிரித்துக்கொண்டே கேட்டுக் கொடுத்தாய்.

அன்று ஆறு மணிக்கு "நாளை மழை இல்லை" என்று செய்தி போனது. மறுநாள் விடிவதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. காலையில் நான் அளத்துக்குப் போனபோது தனம் அக்கா வரப்பில் குந்தியிருந்தார். மூன்று பாத்தியைக் குத்தகைக்கு எடுத்துத் தானே மிதித்துத் தானே வாருகிறவர். பதினைந்து நாள் வாரிய உப்பு இடுப்பளவு இருந்தது, முழங்காலுக்கு இறங்கியிருந்தது. மிச்சமும் சேறு கலந்து பழுப்பேறிக் கிடந்தது. நான் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். தலைப்பு, "பொய்த்தது மழைக் கணிப்பு."

பேப்பர் வந்த அன்றே நீ அதை மடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய்.

"கணிப்பு பொய்க்கலப்பா. மழைன்னுதான் போட்டிருந்தாங்க. நான் அனுப்புன ஆளு கேட்டுட்டு வரல. சர்வர் பதில் குடுக்க மாட்டேன்னுட்டுது. லைப்ரரி மூணு வாட்டி தட்டிப் பாத்துட்டு வெறுங்கையோட திரும்பிடுச்சு. வெறுங்கையப் பாத்து என் புரோகிராம் மழை இல்லைன்னு எழுதிடுச்சு. வெறுங்கையா வந்தவன்கிட்ட, ஆபீசரு இல்லைன்னு சொன்னாரா, ஆபீசே பூட்டியிருந்துச்சான்னு கேக்கணும் இல்ல? நான் கேக்கல."

"அப்ப அந்த லைப்ரரி எழுதுனவன் தப்புதானே?"

"அவன் தெளிவா எழுதித்தான் வச்சிருக்கான். பதில் வரலன்னா காலியா ஒரு பட்டியல் குடுப்பேன், சத்தம் போட்டுச் சொல்லணும்னா இந்த ஒரு சொல்ல மாத்திக்கோன்னு. நான் படிக்கல."

"சர்வர் ஏன் மறுத்துச்சு?"

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். "சர்வருன்னா சில நாள் அப்பிடித்தான்" என்றாய். யாரிடமும் இரண்டாவது கேள்வி கேட்காமல் எழுந்திராதவன் நான். அன்று உன்னிடம் கேட்கவில்லை.

திருத்தம் போட்டேன். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தவறான தகவல் சென்றது தெரியவந்துள்ளது" என்று நான்காம் பக்கத்தில் மூலையில் மூன்று வரி. அதையும் கடையில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தாய்.

"ஏம்பா ரிப்போர்ட்டரு, கோளாறுக்கு ஊரு பேரு கெடையாதா? கோளாறு தானா நடந்து வந்துச்சா?"

"உன் பேரப் போட்டா நாளைக்கு இந்தக் கடைக்கு எவன் வருவான்?"

நீ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மொபெட்டைக் கிளப்பினாய். "ஏறு" என்றாய்.

தனம் அக்கா கெட்டுப்போன பாத்தியிலிருந்து மழைத்தண்ணீரை வெட்டி விட்டுக்கொண்டிருந்தார். நீ செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுப் போய் நின்றாய். "அக்கா, மழைன்னு சொல்லித்தான் இருந்தாங்க. நான்தான் ஒழுங்கா கேக்காம, இல்லைன்னு அனுப்பிட்டேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "நாப்பது பேருக்கு பெரிய ஆளாட்டம் அனுப்பறியே, கேட்டோமா கேக்கலியான்னுகூடவா ஒருத்தனுக்குத் தெரியாது? வானம் பண்ணுச்சுன்னு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேனே! இந்தக் காலப் பாருடா. இந்தக் காலு மிதிச்சி வெளஞ்ச உப்புடா அது." பாளம் பாளமாக வெடித்த பாதத்தைத் தூக்கிக் காட்டினார். பக்கத்துப் பாத்திகளில் வேலை நின்றுவிட்டது. உன் படிப்பு, கடை, உன்னைப் பெற்றவர் வரைக்கும் போனது. நீ தலையைக் குனிந்து நின்றாய். நான் இரண்டடி பின்னால், நடந்ததற்குச் சாட்சிபோல நின்றிருந்தேன்.

ஓய்ந்த பிறகு அவரே கேட்டார். "மறுபடி அனுப்புவியா?"

"நீங்க நம்புனா அனுப்பறேன்."

"நம்பறது கெடக்கட்டும். உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு அனுப்பு. தெரியாத நாள்ல நானே மூடிக்குவேன். தெரியும்னு நெனச்ச நாள்லதானே மூடாம வுட்டேன்?"

அன்றைக்கே லைப்ரரியின் அந்த ஒரு சொல்லை மாற்றினாய். அது முதல் பதில் கிடைக்காத நாட்களில் "இன்று தெரியவில்லை" என்று போனது. டீக்கடையில் உன்னை விட்டார்களா? "தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு? என் மாடு சொல்லுமே." ஆனால் அந்த நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது நான் பார்த்திருக்கிறேன். அளம் முழுக்க நீலத் தார்ப்பாய் விரிந்து கிடக்கும். கேலி பேசியவர்களின் குவியலிலும்தான்.

என் எழுத்திலும் அது வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பெல்லாம் "அதிகாரிகள் விளக்கம் அளிக்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். இப்போது யாரை, எத்தனை முறை கேட்டேன், மறுத்தாரா, போனையே எடுக்கவில்லையா என்று எழுதுகிறேன். இடத்தை அடைக்கிறது என்று அலுவலகத்தில் முணுமுணுக்கிறார்கள்.

இனி அந்தப் பதிவு. நான் உன் எதிரே உட்கார்ந்திருந்த மதியம் முழுவதும் அதில் இருக்கிறது. கிளியனூர், கீழ்புத்துப்பட்டு, அனுமந்தை என்று வரிசையாக, ஊட்டி வரைக்கும். ஆறு மணிக்குக் கீழே மூன்று வரி, மூன்றும் ஒன்றுபோல: மறுக்கப்பட்டது, இன்றைய அளவு முடிந்தது. அடுத்த வரியில் காலிப் பட்டியல். அதற்கு அடுத்த வரியில் "நாளை மழை இல்லை", அனுப்பப்பட்டது. இலவசச் சாவிக்கு ஒரு நாளில் இத்தனை கேள்விதான் என்ற வரம்பை நானும் என் மச்சினனும் ஊட்டியுமாகத் தின்று தீர்த்திருக்கிறோம். நீ என் வீட்டுக்கு வருமுன்பே இதைப் படித்திருக்கிறாய். என்னை ஒரு கணம் பார்த்தாயே, அது இதுதான்.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று காலை அளத்துக்குப் போனேன்.

தனம் அக்கா பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். பதிவில் இருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. ஒரு வரிசை முடித்துத் திரும்பி வந்து என் எதிரே நின்றார்.

"இத அந்தப் புள்ள சொல்லவே இல்லியே."

"என்கிட்டயும் சொல்லலக்கா."

"அவன் அப்பன வரைக்கும் இழுத்து வச்சிப் பேசினேன். நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாக்கா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத்தான் துடைத்தார் என்று எழுத எனக்கு நிச்சயமில்லை.

"என் பங்க இப்பத் திட்டிடுங்கக்கா" என்றேன்.

"போன உப்ப அவன் தலைல போட்டாச்சு, அவனும் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். உனக்குன்னு புதுசா எங்க போறது?" திரும்பவும் பாத்தியில் இறங்கினார். இறங்கியவர் நின்று விரலை நீட்டினார். "பேப்பருக்காரரே, இனி அத அனுப்பறது நீதான? தெரியாதத தெரியும்னு ஒரு நாள் அனுப்பிப் பாரு. அப்ப இருக்குது உனக்கு."

சாவியைப் புதுப்பித்துவிட்டேன். இன்று ஆறு மணிக்கு முதல் செய்தி போக வேண்டும். மணி நாலரைதான் ஆகிறது, உட்கார்ந்துவிட்டேன். சற்றுமுன் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "திண்டிவனத்துக்கு என்ன சொல்லுது, கேளுங்களேன்" என்றார். நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பினேன்.